ஆறு லட்சத்தில் வீடு கட்ட வேண்டாம், தம்பி

கேள்வி இதுதான். திருநெல்வேலிப் பக்கம் 120 குடும்பங்கள் உள்ள ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை. சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் மிஞ்சியதும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்ததுமாக ஆறு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் குடிசையிலும் ஒழுகும் காலனி வீட்டிலும் வாடகைக்கு அலைந்துகொண்டும் இருக்கிறவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும், இரண்டு வீடு கட்டிக் கொடுத்துவிடலாமா என்று வாலிபர் சங்கச் செயலாளர் கேட்கிறார்.

கட்டாதீர்கள். இப்போதைக்காவது வேண்டாம். நான் சிவில் டிப்ளமோ படித்துவிட்டு முப்பது வருஷம் கொத்தனார்களோடும் யூனியன் ஆபீஸ் ஓவர்சியர்களோடும் மல்லுக்கட்டியவன், அதில் பத்து வருஷம் எங்கள் சேகரத்தில் (ஒரு போதகரின் கீழ் உள்ள சபைகளின் தொகுதி) வீட்டு உதவிக் கமிட்டியிலும் இருந்தேன், நாங்களும் முதலில் வீடுதான் கட்டினோம், அதனால் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. சாதாரணமாகக் கட்டினாலே இன்றைக்குச் சதுர அடி இரண்டாயிரத்துக்குக் குறையாது, 300 சதுர அடிக்கு ஆறு லட்சம் அங்கேயே காலி. ஆக இரண்டு வீடு இல்லை, ஒரு வீடு. அந்த ஒரு வீடு யாருக்கு? இந்தக் கேள்வியை ஒரு கமிட்டி கூட்டத்தில் போட்டுப் பாருங்கள். எங்கள் கூட்டம் இரவு பதினொன்றரைக்கு முடிந்தது, ஐயர், அதாவது எங்கள் போதகர், ஜெபம் பண்ணி அனுப்பிவைத்தார், அதன் பிறகு இரண்டு குடும்பங்கள் ஆறு மாதம் கோயிலுக்கே வரவில்லை. வீடு வாங்கியவரும் சந்தோஷமாக இல்லை, "சபை போட்ட பிச்சை" என்று யாரோ அவர் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது, வீடு கட்டும் பணம் அரசாங்கத்திடம் இருக்கிறது. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம், அளவு 360 சதுர அடி, அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. மத்திய அரசின் பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம், அதற்கு மேல் மாநில அரசும் தன் பங்குக்குப் போடுகிறது. உங்கள் ஆறு லட்சத்தை வைத்து இதோடு போட்டி போட முடியாது. ஆனால் அந்தப் பணம் இருக்கிற இடத்துக்கும் உங்கள் தெருவில் குடிசையில் இருக்கிற அக்காவுக்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, பட்டா இல்லை, கைமுதல் இல்லை, ஆபீசுக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும், என்ன கேட்பது என்றும் தெரியாது. சபை நிற்க வேண்டியது அந்தப் பள்ளத்தில்தான்.

பட்டாவில் தொடங்குகிறேன், ஏனென்றால் முக்கால்வாசி சிக்கல் அங்கேதான். சொந்த இடம் இருந்தால்தான் இந்தத் திட்டங்களில் வீடு கிடைக்கும். "எங்களுக்கு இடம் இருக்கு, அம்பது வருஷமா இங்கதான் இருக்கோம்" என்பார்கள். கணினியில் எடுத்துப் பார்த்தால் பட்டா இறந்துபோன தாத்தா பெயரில் இருக்கும், அல்லது ஏழு பேர் கூட்டுப் பட்டாவாக இருக்கும், அதில் ஒருவர் மும்பையில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. வாரிசுச் சான்று வாங்கி, உட்பிரிவு செய்து, பெயர் மாற்றி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். இதற்குப் பணத்தை விட, கூடவே நடக்க ஒரு ஆள்தான் வேண்டும். உங்கள் சபையில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாலுகா ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர்கள் எத்தனை பேர்? அவர்களில் இரண்டு பேர் சனிக்கிழமைதோறும் பாரிஷ் ஹாலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். பட்டா, வில்லங்கச் சான்று எடுத்துப் பார்ப்பது, மனு எழுதுவது, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குக் கூட்டிப் போவது, வருஷாந்திர வருவாய்க் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தி சமயத்தில் யார் யார் மனு கொடுக்க வேண்டும் என்று நினைவுபடுத்துவது, கொடுத்த மனுவின் ரசீதைப் பத்திரமாக ஒரு ஃபைலில் வைப்பது. கேட்க ஒன்றுமில்லாத வேலை மாதிரித் தெரியும். எங்கள் அனுபவத்தில் ஒரு மேசை கட்டிய வீடுகள் நன்கொடைப் பணம் கட்டியதை விட அதிகம்.

புறம்போக்கில் இருப்பவர்கள் விஷயத்தில் கவனம். புறம்போக்கு என்றால் எல்லாம் ஒன்றல்ல. நத்தத்திலோ (ஊர்க் குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்) ஆட்சேபனையற்ற புறம்போக்கிலோ பல வருஷமாக வீடு கட்டி இருப்பவர்களுக்குப் பட்டா கேட்டுப் போராட வழி இருக்கிறது. குளத்திலும் ஓடையிலும் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை, 2007-ல் வந்த ஏரிகள் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் அதற்குப் பின் வந்த உயர் நீதிமன்ற உத்தரவுகளும் கடுமையானவை. அவர்களிடம் போய் "கவலைப்படாதீங்க, சபை பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லாதீர்கள், அது பொய். மாற்று இடம் இதே பக்கத்தில் கேட்கலாம், பள்ளிக்கூட வருஷம் முடியும்வரை அவகாசம் கேட்கலாம். இதே பக்கத்தில் என்று ஏன் சொல்கிறேன் என்றால், சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் ஆற்றங்கரை மக்களைக் கொண்டுபோனபோது கான்கிரீட் வீடு கிடைத்தது, வேலைக்குப் போகும் இடமும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. ஆகவே மாற்று இடம் என்று வந்தால் முதலில் தூரத்தைக் கேளுங்கள், சதுர அடியை அப்புறம் கேட்கலாம்.

சரி, பட்டா இருக்கிறது, வீடும் சாங்ஷன் ஆகிவிட்டது என்று வையுங்கள். இப்போதுதான் உங்கள் ஆறு லட்சத்துக்கு உண்மையான வேலை. அரசு பணத்தை மொத்தமாகத் தராது. அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலின் மேல் மட்டம்) வந்தால் ஒன்று, கூரை போட்டால் ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஆள் வந்து போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். அதாவது முதலில் வீடு கட்டுபவர் செலவழிக்க வேண்டும், பிறகு பணம் வரும். தினக்கூலிக்குப் போகும் குடும்பம் முதல் நாற்பதாயிரத்துக்கு எங்கே போகும்? மீட்டர் வட்டிக்குத்தான். 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும் இன்றும் நம் ஜில்லாவில் அது எப்படி ஓடுகிறது என்று உங்களுக்கே தெரியும். அரசு கொடுக்கும் வீட்டைக் கட்டி முடிப்பதற்குள் அதில் ஒரு பங்கு வட்டியில் போய்விடும், அல்லது லிண்டல் மட்டத்தில் சுவர் நின்று அதன் மேல் எருக்கு முளைக்கும். உங்கள் ஊரைச் சுற்றி நடந்து பாருங்கள், அப்படி நிற்கும் சுவர்களை எண்ணிக்கொண்டு வாருங்கள், அதுதான் உங்கள் முதல் சர்வே.

இதற்குச் சபை ஒரு சுழல் நிதி வைக்கலாம். மூன்று லட்சம் ஒதுக்குங்கள். ஒரு வீட்டுக்கு நாற்பதாயிரம், வட்டி கிடையாது, தவணை வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரே சமயத்தில் ஏழு குடும்பம். ஐந்தாறு மாதத்தில் பணம் சுற்றி வந்தால் வருஷத்துக்குப் பதினாலு பதினைந்து வீடு கூரை காணும், மூன்று லட்சமும் பெரும்பாலும் உங்களிடமே இருக்கும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். எல்லாம் திரும்பாது. நடுவில் ஒருவருக்கு ஆபரேஷன் வரும், ஒருவர் மகள் கல்யாணத்தில் போட்டுவிடுவார். அதை முதலிலேயே கமிட்டியில் சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள், இல்லாவிட்டால் முதல் பாக்கி வந்த அன்றே பொருளாளர் நிதியை மூடிவிடுவார். கையில் ரொக்கமாகக் கொடுக்கலாமா, கடையில் நேராக சிமென்ட் கம்பிக்குக் கட்டலாமா என்று எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. கடையில் கட்டினால் பணம் வேறு பக்கம் போகாது, உண்மை. ஆனால் "எங்களை நம்பல இல்லியா" என்று ஒரு அம்மா கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் பாதி கடைக்கு, பாதி கைக்கு, கொத்தனார் சம்பளம் கொடுக்க வேண்டுமே என்று ஒரு சமாதானத்துக்கு வந்தோம். இது சரியென்று நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

நிதியை யார் நடத்துவது என்றால், பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் கொடுங்கள். சமைக்கும்போது எடுத்து வைக்கும் பிடி அரிசிக் காணிக்கையை வீட்டுக்கு வீடு வாங்கிக் கணக்கு வைத்தவர்கள் அவர்கள். எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது, எந்த வீட்டில் எரியவில்லை என்பது ஆண்கள் கமிட்டிக்குத் தெரியாது.

வாடகை வீட்டுக்காரர்கள் வேறு கதை. இவர்களுக்கு மாத வாடகையை விட அட்வான்ஸ்தான் சுவர் மாதிரி நிற்கிறது. 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது, ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் பரவாயில்லை என்று அதிலேயே ஒரு கதவும் திறந்து வைத்திருக்கிறது. ஆறு மாதமோ பத்து மாதமோ கேட்கும் வீட்டுக்காரரிடம் ஏழை என்ன வாதாடுவார்? ஒன்றரை லட்சத்தை அட்வான்ஸ் நிதியாக வையுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள், அட்வான்ஸ் தொகை எவ்வளவு, காலி செய்தால் அது யார் கணக்குக்குத் திரும்ப வர வேண்டும் என்பதை அதிலேயே எழுதிவிடுங்கள். ஒப்பந்தம் இருந்தால்தான் வாடகை அதிகாரியிடம் போய் நிற்கவும் முடியும், ரேஷன் கார்டு முகவரி மாற்றவும் வழி கிடைக்கும்.

இங்கே கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் 120 குடும்பத்தில் எத்தனை பேர் வீட்டுக்காரர்கள்? மாடியில் ஒரு போர்ஷன், பின்பக்கம் இரண்டு லைன் வீடு என்று வாடகைக்கு விட்டிருப்பவர்கள் எப்படியும் முப்பது பேர் தேறுவார்கள். அவர்கள் யாருக்கு விடுகிறார்கள்? நம்மவர்கள் வாசலிலேயே "கிறிஸ்தவர்களுக்கு மட்டும்" என்று அட்டை தொங்குவதைப் பார்த்திருக்கிறேன், கிறிஸ்தவர் வந்து நின்றால் அடுத்து "எந்த ஊரு, யாரு மக்க" என்று சுற்றி வளைத்து சாதியைக் கேட்பதையும் கேட்டிருக்கிறேன். புருஷன் இல்லாத பெண்ணுக்கு வீடு கிடையாது, வடநாட்டுப் பையன்களுக்குக் கிடையாது, முஸ்லிம் குடும்பத்துக்குக் கிடையாது. ஞாயிறு ஆராதனையில் துரத்தப்பட்ட ஏழையை வீட்டில் சேர்த்துக்கொள் என்கிற ஏசாயா 58-ஐ வாசித்துவிட்டுத் திங்கட்கிழமை இப்படிச் செய்கிறோம். ஆறு லட்சம் இல்லாமலே சபை செய்யக்கூடிய மிகப் பெரிய வீட்டு உதவி, பத்து வீட்டுக்காரர்கள் "அட்டையை எடுத்துவிடுகிறேன், மூன்று மாத அட்வான்ஸ் போதும்" என்று ஒத்துக்கொள்வது. ஐயர் பிரசங்கத்தில் சொன்னால் நடக்காது, வீட்டுக்குப் போய்க் காபி குடித்துக்கொண்டே கேட்க வேண்டும். கோயிலுக்குச் சொந்தமான வாடகை வீடுகள் இருந்தால் அங்கிருந்தே ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் யாரும் மதிக்க மாட்டார்கள்.

தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர் ஆனவர் பட்டியல் சாதியில் வர மாட்டார், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில்தான் சேர்ப்பார்கள். அதே தெரு, அதே குடிசை, அதே ஒடுக்குமுறை, ஆனால் பிரதமர் வீட்டுத் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கென்று வைத்த பங்கு இவர்களுக்குக் கிடையாது. சிறுபான்மையினருக்கென்று தனியாக ஒரு பங்கு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். மனு எழுதும் மேசையில் இருப்பவருக்கு இது தெரியவில்லை என்றால் தவறான கட்டத்தில் டிக் அடித்து மனுவே தள்ளுபடியாகும்.

மழைக்கு முன் கூரை. இதற்கு ஒரு லட்சம். 1980, 90-களில் அரசு கட்டிய தொகுப்பு வீடுகள் நம் பக்கம் நிறைய, கூரைக் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிர்ந்து படுத்திருப்பவர் மேல் விழுகிறது. மேலே இன்னொரு பூச்சு பூசி வெள்ளையடித்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், அது எடையைத்தான் கூட்டும். உதிர்ந்ததைக் கொத்தி எடுத்து, கம்பித் துருவைத் தேய்த்து, துருத் தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் மூடி, மொட்டைமாடியில் தண்ணீர் நிற்காமல் வாட்டம் கொடுக்க வேண்டும். கம்பி பாதிக்கு மேல் தின்றுபோயிருந்தால் பழுது பார்க்கவே கூடாது, ஆளை வெளியேற்றுங்கள். உள்ளூரில் ஒரு இன்ஜினியரைக் கூட்டிப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், சபையில் ஒருவராவது இருப்பார். வாலிபர் சங்கம் சித்தாள் வேலை செய்யலாம், கொத்தனார் வேலை செய்யக் கூடாது. ஆர்வத்தில் இவர்கள் ஓட்டை மாற்றப் போய் இருந்த நாலு ஓட்டையும் மிதித்து உடைத்த கதை எங்களிடம் உண்டு.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது ஞாபகம் இருக்கும். தாமிரபரணிக் கரை ஊர்களில் மண்சுவர் வீடுகள் கரைந்து விழுந்தன. அன்றைக்குக் கோயில்களும் பள்ளிவாசல்களும் கல்யாண மண்டபங்களும்தான் வீடு. உங்கள் பாரிஷ் ஹால் சாவி ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் கிடைக்கும்? பெண்களுக்குக் கக்கூஸ் இருக்கிறதா, தண்ணீர் டேங்குக்கு மோட்டார் ஓட ஜெனரேட்டர் இருக்கிறதா? இதையும் வீட்டு உதவிக் கணக்கிலேயே எழுதுங்கள்.

கோயில் நிலத்தில் கட்டலாமே என்று யாராவது கிளப்புவார்கள். சிஎஸ்ஐ சொத்து உள்ளூர் சபையின் பெயரில் இல்லை, தென்னிந்தியத் திருச்சபை டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கிறது, திருமண்டலத்தின் (பேராயரின் கீழ் உள்ள நிர்வாகம்) அனுமதி இல்லாமல் ஒரு செங்கல் வைக்க முடியாது. அதனால் புதிதாகக் கட்டுவதை விடுங்கள். பூட்டிக் கிடக்கும் பழைய உபதேசியார் (சபை ஊழியர்) வீடு, உபயோகமில்லாத பள்ளி அறை இருக்கிறதா பாருங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் நோயாளியை வைத்துக்கொண்டு கூட வந்தவர்கள் மரத்தடியில் படுத்திருப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். பத்து நாளைக்குப் படுக்க ஒரு அறையும் குளிக்க ஒரு இடமும் கொடுப்பதும் வீட்டு உதவிதான், அதற்குத் திருமண்டலத்தில் அனுமதி வாங்குவதும் சுலபம்.

இது சபைக்குப் புது வேலை ஒன்றும் இல்லை, அதையும் உங்கள் கமிட்டியில் பெரியவர்களுக்கு நினைவுபடுத்துங்கள். 1799-ல் துரத்தப்பட்ட கிறிஸ்தவர்களுக்காகச் சுந்தரானந்தம் தாவீது முன்னின்று உண்டாக்கிய ஊர்தான் முதலூர். பாளையங்கோட்டையில் இருந்த மிஷனரி ரேனியஸ் ஐயர் 1830-ல் தர்ம சங்கம் தொடங்கினார், வீடு வாசல் இழந்த விசுவாசிகளைக் குடியமர்த்த நிலம் வாங்குவதற்கென்றே சபையார் காசு போட்ட சங்கம் அது. ஒரு வித்தியாசம் மட்டும், அது விசுவாசிகளுக்கானது, அன்றைக்கு அடிபட்டவர்கள் அவர்கள். இன்றைக்கு உங்கள் தெருவில் கஷ்டப்படுகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது உங்கள் நோட்டில் ஒரு கட்டமாகக்கூட இருக்க வேண்டாம். துண்டுப் பிரசுரம் கொடுக்காதீர்கள், கட்டிய சுவரில் வசனம் எழுதாதீர்கள், "கூட்டத்துக்கு வாங்க" என்று சொல்லாதீர்கள். மதமாற்றம் என்று யாராவது மனு போடுவார்கள் என்ற பயத்துக்காக மட்டும் இல்லை, கடன் வாங்கியவர் மறுக்க முடியாத நிலையில் இருக்கிறார் என்பதற்காக. பயனாளியை ஆல்டர் முன்னால் நிறுத்தி செக் கொடுத்துப் போட்டோ எடுப்பதும் இதே வகைதான்.

வெளிநாட்டுப் பணம். துபாயில் வேலை பார்க்கும் உங்கள் சபைப் பிள்ளை இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் அனுப்புவதில் பிரச்சினை இல்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை, எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பதிவு உள்ள அமைப்பு வாங்கி உங்களுக்கு மாற்றிவிடவும் முடியாது. மாமாவிடம் நன்றி சொல்லி விட்டுவிடுங்கள்.

வீடே கட்டக் கூடாதா என்றால், நாலைந்து வருஷம் இப்படி ஓடி, பக்கத்துச் சேகரங்களும் சேர்ந்தால் யோசிக்கலாம். நியூயார்க்கில் கிழக்கு புரூக்ளின் சபைகள் 1980-களில் அதைச் செய்தன. கத்தோலிக்கர், லூத்தரன், பாப்டிஸ்ட் என்று பல சபைகள் சேர்ந்து வட்டியில்லாப் பணத்தைத் திரட்டி ஒரு பொது நிதியாக வைத்தன, அந்தப் பலத்தில் மேயரிடம் போய்ப் பாழடைந்து கிடந்த நகராட்சி நிலத்தைக் கேட்டு வாங்கின, வீட்டுக்குப் பத்தாயிரம் டாலர் வட்டியில்லாக் கடனையும் நகராட்சியிடமே கறந்தன. நெகேமியா வீடுகள் என்று பெயர், ஆயிரக்கணக்கில் எழும்பின, குடிவந்தவர்கள் விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள். ஒரு சபை தனியாகப் போயிருந்தால் மேயர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பார்.

கட்டும் நாள் வந்தால் சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் நடந்ததை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அரசு நிலம் கொடுத்தது, தொண்டு நிறுவனங்களும் சபைகளும் வீட்டுக்கு ஒன்றரை லட்சம் அளவில் கட்டிக் கொடுத்தன, பத்திரம் புருஷன் பெண்டாட்டி இருவர் பேரிலும் என்றது அரசாணை, அது நல்ல வேலை, நீங்களும் அதையே செய்யுங்கள். ஆனால் பல குடியிருப்புகளில் நிழல் மரங்களை வெட்டித் தரையைச் சமப்படுத்திவிட்டு வரிசையாகப் பெட்டி பெட்டியாக வைத்தார்கள், மீன் காயப்போட இடமில்லை, வலை வைக்க இடமில்லை. மீனவப் பெண்களிடம் ஒரு மத்தியானம் உட்கார்ந்து கேட்டிருந்தால் வரைபடமே மாறியிருக்கும்.

மீதி ஐம்பதாயிரம் மேசைக்கு, பஸ் கட்டணம், சான்றிதழ் கட்டணம், ஜெராக்ஸ். ஆறு லட்சமும் கணக்காகிவிட்டது. அடுத்த கமிட்டியை ஆவணிக்குள் கூட்டச் சொல்லுங்கள், ஐப்பசி பிறந்துவிட்டால் கொத்தனாரும் கிடைக்க மாட்டார், தார்ப்பாய் விலையும் ஏறிவிடும்.